‘பால் குடுக்கையில நிக்காது’

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 26. பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, கட்டிக்கொடுத்தது முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். தலைப்பிரசவம் சிசேரியன், பெண் பிள்ளை. இன்றைக்கு 95 நாள் ஆகிறது. அம்மா வீட்டிலிருந்து மூன்றாம் மாதம் கூட்டி வந்தார்கள். அவர் சென்னையில் பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறார். கூட்டிவர வந்தவர் நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். போய் 23 நாள் ஆச்சு. ஜாக்கிரதையாகத்தான் இருந்தோம். இனி பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வருவார், அதற்கு மூன்று வாரம் இருக்கிறது. எனக்கு இன்னும் தீட்டு வரவில்லை. தாய்ப்பால்தான் கொடுக்கிறேன், பால் பத்தவில்லை என்று இரண்டாம் மாதத்திலிருந்து ராத்திரி மட்டும் ஒரு புட்டி பவுடர் பால். ‘பால் குடுக்கையில கரு நிக்காது, பேசாம இரு’ என்கிறார் அத்தை. பக்கத்து வீட்டுப் பெரியம்மை, ‘சட்டுன்னு ரெண்டாவதையும் பெத்து, அந்தக் கையோட ஆபரேஷன் பண்ணிரு’ என்கிறார். காப்பர்-டி போட்டால் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று, நான் சுற்றுகிற பீடியைக் கொண்டுபோய்ப் போடுகிற கடையில் சொல்கிறார்கள். என் மதினிக்கு அதைப் போட்டும் பிள்ளை நின்றுவிட்டது. எனக்கு ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.2 இருக்கிறது. அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும், வருவதற்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி கோடு கோடாக ஓடும். அடுத்த பிள்ளைக்கு மூன்று வருஷம் இடைவெளி வேண்டும் என்று நினைக்கிறோம். எது நல்லது? இன்னொன்று, கேட்கவே வெட்கமாக இருக்கிறது. தியேட்டரில் ஏதேதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ‘காப்பர்-டி’ என்று யாரோ சொன்ன ஞாபகம். எனக்குப் போட்டார்களா இல்லையா என்றே தெரியவில்லை. கடைசியாக ஒரு சந்தேகம்: இந்த ஒரு புட்டியை நிறுத்திவிட்டால் அத்தை சொல்கிற மாதிரி இருந்துவிடலாமா?

பதில்: தங்கச்சி, வெட்கப்பட்டு எழுதிய கேள்வியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே ஒரு காப்பர்-டி இருந்தால் மற்ற பேச்செல்லாம் வேறு மாதிரி போய்விடும்.

டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு ஒரு துணிக்கடைப் பையில் சுருட்டி, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருப்பீர்கள். சிசேரியனில் நஞ்சுக்கொடியை எடுத்த கையோடு கர்ப்பப்பைக்குள் காப்பர்-டியை வைத்துத் தைத்துவிடுவது வழக்கத்தில் உள்ள முறைதான். அப்படி வைத்திருந்தால் சீட்டில் ஆங்கிலத்தில் பி.பி.ஐ.யூ.சி.டி. என்று எழுதியிருப்பார்கள். எந்தத் தேதியில் போட்டது, எத்தனை வருஷத்துக்கு என்று தனியாக ஒரு சின்ன அட்டையும் தந்திருக்கலாம். சீட்டில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும். பரிசோதித்தவர் ‘நூல் தெரியவில்லை’ என்று சொன்னால் மட்டும் இல்லை என்று முடிவு கட்டவேண்டாம். சிசேரியனில் வைத்ததற்கு நூல் கீழே இறங்காமல் கர்ப்பப்பைக்குள்ளேயே சுருண்டு கிடப்பது உண்டு.

இருந்தால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம். அது உங்கள் இஷ்டம், காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. விளக்கிச் சொல்லாமல் போட்டிருந்தால் அது தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தியேட்டர் மேசையில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறவளிடம் காகிதத்தை நீட்டி வாங்குகிற கையெழுத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில்லை. எட்டாம் மாதச் செக்கப்பில், நாற்காலியில் உட்காரவைத்து, கையில் கொடுத்துக் காட்டிப் பேசவேண்டிய விஷயம் இது.

அடுத்தது, சிறுநீர்ப் பரிசோதனை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ‘ஜாக்கிரதையாக இருந்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜாக்கிரதை எது என்று எங்களுக்கும் தெரியும், கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது. அதை மட்டும் நம்பி ஒரு வருஷம் ஓட்டுகிற 100 ஜோடிகளில் சுமார் 20 பேருக்குப் பிள்ளை நின்றுவிடுகிறது. கடைசியாகச் சேர்ந்து 3 வாரம் தாண்டிவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை சொல்வதை நம்பலாம். உங்களுக்கு 23 நாள் ஆகிவிட்டது, நாளைக் காலையே பார்க்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் அட்டை இலவசமாகவே கிடைக்கும். ஒரு கோடு வந்தால் நிம்மதி. இரண்டு கோடு வந்தால் நேரே மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள். கலைப்பதா வைத்துக்கொள்வதா என்பது நீங்கள் முடிவு செய்வது, ஆனால் கலைக்கிற மாத்திரையைக் கடையில் வாங்கி வீட்டிலேயே போட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. போன தடவை வெட்டித் தைத்த வயிறு, கரு எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான் எதையும் செய்யவேண்டும்.

சரி, அத்தை சொன்னதற்கு வருவோம். அவர் சொல்வது முழுப் பொய் இல்லை, அதில்தான் சிக்கல். பிள்ளை மார்பில் சப்பும்போது தாயின் மூளைக்கு ஒரு செய்தி போகிறது, அதனால் முட்டை வெளிவருவது தள்ளிப்போகிறது. இதை ஒரு கருத்தடை முறையாகவே மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் மூன்று நிபந்தனை உண்டு. பிள்ளைக்கு 6 மாதம் முடிந்திருக்கக் கூடாது. தீட்டு திரும்பியிருக்கக் கூடாது. தாய்ப்பால் தவிர வேறு எதுவும், சர்க்கரைத் தண்ணீர்கூட, கொடுக்கக் கூடாது. அந்தத் தாய்ப்பாலையும் பகலில் 4 மணி நேரத்துக்கு மேல், ராத்திரியில் 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் கொடுத்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்தியிருந்தால் 100-க்கு 98 பேருக்கு மேல் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

உங்களுக்குத் தவறியது அந்த ராத்திரிப் புட்டி. ஒரு வேளைதானே என்று தோன்றும். ஆனால் முட்டையை நிறுத்திவைக்கிற வேலையில் ராத்திரிப் பாலுக்குத்தான் பங்கு அதிகம். பவுடர் பாலைக் குடித்துவிட்டுப் பிள்ளை அசந்து தூங்க, நீங்களும் தூங்க, உடம்பு ‘சரி, பிள்ளை வளர்ந்துவிட்டது போல’ என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்து ஆச்சிகள் பிள்ளையை மார்போடு போட்டுக்கொண்டு விடிய விடியப் பால் கொடுத்தார்கள், இரண்டு வருஷம் மூன்று வருஷம் கொடுத்தார்கள். அப்படியும் வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் என்பதை அத்தைக்கு ஞாபகப்படுத்தினால் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன்.

‘தீட்டே வரலையே’ என்பதையும் நம்பி இருக்கவேண்டாம். முட்டை வெளிவந்து சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் தீட்டு வரும். வண்டி போன பிறகுதான் புழுதி தெரியும், இதுவும் அப்படித்தான். அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால் தீட்டு வரவே வராது. அம்பை பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். இடுப்பில் ஒன்பது மாதப் பிள்ளை. ‘வாயுக் கோளாறு டாக்டர், வயிறு உப்பிக்கிட்டே இருக்கு, கசாயம் குடுத்தும் கேக்கல’ என்றார். படுக்கவைத்து வயிற்றில் கையை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கேனில் 20 வாரம். பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் தீட்டைப் பார்க்கவில்லை. ‘உள்ளே ஏதோ துள்ளுதுன்னு சொன்னேன், அம்மாதான் வாயுன்னாங்க’ என்று அந்தப் பெண் சொன்னபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இது அபூர்வமான கதையும் இல்லை, வருஷத்துக்கு ஒன்றிரண்டு பார்த்துவிடுகிறேன். பாலே கொடுக்காத தாய்க்கு நாலு வாரத்திலேயே முட்டை வெளிவரலாம், அது வேறு.

பெரியம்மையின் யோசனை நல்ல மனசோடு சொன்னதாகத்தான் இருக்கும். நம் ஊரில் கருத்தடை என்றாலே ஆபரேஷன்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டு பெற்று, முடித்து, மறந்துவிடுவது என்பது ஒரு தலைமுறையின் பழக்கம். இடைவெளி விடுவதற்கென்று முறைகள் இருப்பதே பல பேர் காதில் விழவில்லை. ஆனால் உங்களுக்கு இருப்பது தைத்த கர்ப்பப்பை. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிசேரியன் ஆனவர்களுக்கு அதில் இன்னும் ஒரு காரணம் கூடுகிறது. ஒன்றரை வருஷத்துக்குள் அடுத்த பிரசவம் வந்தால், வலி எடுக்கும்போது பழைய தையல் இடம் விட்டுக்கொள்ளும் ஆபத்து அதிகம். ரத்தம் வேறு 9.2. இருப்பதையே ஈடு செய்யாமல் அடுத்த பிள்ளைக்கும் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் பிள்ளை எடை குறைந்து, நாள் குறைந்து பிறக்கலாம். நீங்கள் நினைக்கிற மூன்று வருஷம் சரியான கணக்கு, அதை யாருக்காகவும் மாற்றவேண்டாம்.

இப்போது முறைகள். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குச் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு ஆகாததை முதலில் ஒதுக்கிவிடுகிறேன்.

மாலா-என், மாலா-டி போன்ற தினசரி மாத்திரை வேண்டாம். அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. பால் கொடுக்கிற தாய் முதல் 6 வாரம் தொடவே கூடாது, 6 மாதம் வரை தவிர்ப்பது நல்லது. உங்கள் விஷயத்தில் 6 மாதத்துக்குப் பிறகும் வேண்டாம் என்பேன், காரணம் அந்தக் கண்ணில் ஓடுகிற மின்னல் கோடு. அப்படி முன்னறிகுறியோடு ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி இது, எனக்கோ அதுதான் முக்கியமான வரி. எந்த டாக்டரிடம், எந்த நர்சிடம் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள். கொழுந்தன் மனைவி சாப்பிடுகிற அட்டையில் பாதி வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆபரேஷன் இப்போது பேச்சில் வராது, இன்னொரு பிள்ளை வேண்டும் என்கிறீர்கள். இரண்டாவது பிறந்த பிறகு அந்தப் பேச்சு வந்தால், உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். கத்தியில்லாத வாசக்டமி, மரக்கவைக்கும் ஊசி போட்டு கால் மணி நேர வேலை, பலம் போகாது, ஆண்மை போகாது. செய்து 3 மாதம் கழித்து விந்துவைப் பரிசோதித்து ‘சுத்தம்’ என்று தெரிந்த பிறகு நம்பலாம். இரண்டு தடவை வயிற்றைக் கிழித்துக்கொண்டவளையே மூன்றாவதாகவும் படுக்கச் சொல்வது என்ன நியாயம் என்று நான் கேட்பேன். இதுவரை ‘யோசிக்கிறேன்’ என்று சொல்லிப் போனவர்கள்தான் அதிகம்.

காண்டம் வருஷத்தில் நாலைந்து முறை ஊருக்கு வருகிற கணவருக்குத் தோதானதுதான். ஆனால் நடைமுறையில், அதை மட்டும் நம்புகிற 100 பேரில் சுமார் 13 பேருக்கு ஒரு வருஷத்தில் தவறுகிறது. அநேகமாக ‘இன்றைக்கு ஒரு நாள்தானே’ என்று விட்ட நாளில்தான் தவறும். இன்னொரு சங்கதி யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பால் கொடுக்கிற காலத்தில் பிறப்புறுப்பு வறண்டிருக்கும், எரியும், அது இயல்பு. அதற்காகத் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள்ளாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிக் கிழிந்துவிடும். தண்ணீரில் செய்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள். நான் சொல்லப்போகிற முறைகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு ஒரு பாக்கெட் காண்டம் வீட்டில் இருக்கட்டும்.

மிச்சம் மூன்று. மூன்றுமே அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், மூன்றுமே பாலைக் குறைக்காது.

அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒரு தடவை. பால் கொடுக்கிறவர்களுக்கு 6 வாரம் முடிந்த பிறகு போடலாம். தீட்டு வராத நிலையில் போட்டால் முதல் 7 நாள் காண்டமும் வேண்டும். போட்ட இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, ஒத்தடமும் கூடாது. மறக்கிற வேலை இல்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. நாளாவட்டத்தில் தீட்டு குறைந்து நின்றே போகலாம், அதனால் ரத்தம் குறைவாக உள்ளவர்களுக்கு ஒருவகையில் நல்லதுதான். ‘தீட்டு நின்றால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்கும்’ என்பார்கள். ஒன்றும் தேங்காது, உள்ளே அந்தப் படலமே உருவாகியிருக்காது. ஆனால் முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக, நேரம் காலம் இல்லாமல் படும். உங்கள் வீட்டில் இது எப்படிப் போகும் என்று நீங்கள்தான் யோசிக்கவேண்டும். சாஸ்தா கோயிலுக்குக் கிளம்புகிற காலையில் கறை பட்டால் வண்டியில் ஏற விடுவார்களா? அவர் வந்திருக்கிற நாலு நாளும் படுதீட்டு என்றால்? இதெல்லாம் மருத்துவப் புத்தகத்தில் இல்லாத பக்கவிளைவுகள். ஆனால் இரண்டாவது ஊசிக்கு வராமல் நின்றுபோன பல பெண்கள் என்னிடம் சொன்ன காரணம் இதுதான். இன்னொன்று, ஊசியை நிறுத்தினாலும் உடனே கரு நிற்காது. கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகும். மலடாகிவிட்டது என்று அதற்குள் பயந்து ஓடி வருவார்கள். உங்கள் மூன்று வருஷக் கணக்கில் இது இடிக்காது. தலைவலிக்காரர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடலாம். போட்ட பிறகு தலைவலி கூடினால் அடுத்த ஊசிக்கு முன் மறுபடி காட்டவேண்டும்.

சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்த நம் நாட்டு மருந்து. கடைகளில் ‘சஹேலி’ என்ற பெயரில் கிடைப்பதும் இதுதான். முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஞாயிறும் புதனும். புதன்கிழமை தொடங்கினால் புதனும் சனியும். பீடி சுற்றுகிறவர்களுக்கு நான் புதன்–சனிதான் சொல்வது. புதன்கிழமை தடுப்பூசி நாள், சனிக்கிழமை கணக்கு முடிக்கிற நாள், இரண்டும் மறக்காது. தொடங்கிய முதல் மாதம் காண்டமும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ஒன்றிரண்டு நாள் மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த தீட்டு வரை காண்டமும் வைத்துக்கொள்ள வேண்டும். 7 நாளுக்கு மேல் விட்டுவிட்டால் புதிதாகத் தொடங்குகிறவர் மாதிரி வாரத்துக்கு இரண்டு என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பவர்கள், சமீபத்தில் மஞ்சள்காமாலை வந்தவர்கள் எடுக்கக் கூடாது. அப்புறம், தீட்டு நாள் தள்ளித் தள்ளிப் போகும். ஒவ்வொரு தடவையும் ‘கரு நின்றுவிட்டதோ’ என்று நெஞ்சு பதறுகிற ஆள் நீங்கள் என்றால் இது சரிவராது.

காப்பர்-டியை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பயம் அதில்தான் அதிகம். என் மேசை டிராயரில் ஒன்று கிடக்கும். பயத்தோடு வருகிறவர்களின் உள்ளங்கையில் அதை வைத்துவிடுவேன். ‘இவ்வளவுதானா?’ என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள். நீளம் மூன்றரை சென்டிமீட்டர், அகலம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. வளைகிற வெள்ளை பிளாஸ்டிக் குச்சி, அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பி, நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி இரண்டு நூல். கர்ப்பப்பை ஆச்சியின் சுருக்குப் பை மாதிரி, வாய் கீழே இருக்கிறது. அதிலிருந்து நெஞ்சுக்குப் போகிற வழியே உடம்பில் கிடையாது. போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போய்விடுவது ஆயிரத்தில் ஒருவருக்கு நேரலாம். பால் கொடுக்கிற காலத்தில் அது சற்று அதிகம், அதனால் கைப்பழக்கம் உள்ளவரிடம் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுகூட அது வயிற்றில்தான் இருக்கும், நெஞ்சுக்கு ஏறாது.

மதினிக்கு நடந்தது பொய்யில்லை. போட்ட 100 பேரில் ஒருவருக்கும் குறைவாக ஒரு வருஷத்தில் தவறும். ஆனால் அநேக இடங்களில் நடப்பது, அது தானாக நழுவி விழுந்திருக்கும், தீட்டுத் துணியோடு போயிருக்கும், யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். பிரசவமான உடனே வைப்பதில் நழுவுவது கொஞ்சம் அதிகம், கர்ப்பப்பை அப்போது பெரிதாக இருக்கும் அல்லவா. அதனால்தான் 6 வாரத்தில் வந்து காட்டச் சொல்வது. மதினி போய்க் காட்டினாரா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, சிறுநீரில் ஒரு கோடுதான் என்றால் இப்போதே போடலாம். சிசேரியன் தழும்பு தடையில்லை. ஒற்றைத் தலைவலியும் தடையில்லை, இதில் ஹார்மோனே இல்லை. ஒன்று 5 வருஷத்துக்கு, இன்னொன்று 10 வருஷத்துக்கு இருக்கிறது. 3 வருஷத்தில் பிள்ளை வேண்டும் என்றால் எடுத்த மாதமே முயற்சி செய்யலாம். குறை என்ன என்றால், முதல் சில மாதம் தீட்டு அதிகம் படும், அடிவயிறு இழுக்கும். 9.2 ரத்தத்தோடு அது கொஞ்சம் யோசிக்கவேண்டியதுதான். அதற்காகப் போடக்கூடாது என்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடவேண்டும். பிரசவத்துக்குப் பிறகு 6 மாதம் அதைக் கொடுக்கவேண்டும் என்பதே அரசு விதி. மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது. பீடி சுற்றுகிறவர்களுக்கு நாளைக்கு நாலு டீ என்று எனக்குத் தெரியும், மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். போட்ட பிறகு காய்ச்சல், தாங்கமுடியாத அடிவயிற்று வலி, நாற்றத்தோடு வெள்ளைபடுதல், நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலி என்று இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

என் சொந்தத் தங்கச்சி இதே நிலையில் கேட்டிருந்தால் காப்பர்-டி என்றுதான் சொல்லியிருப்பேன். அவளுக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்றால் சாயா. அந்தராவை மூன்றாவதாக வைக்கிறேன். அது மோசமான முறை என்பதால் இல்லை; மெலிந்த, ரத்தமில்லாத எத்தனையோ பெண்களுக்கு நானே போட்டு நன்றாக இருக்கிறார்கள். உங்கள் தலைவலியும், எப்போதோ வருகிற கணவரும், கோயில் காரியமும் சேர்ந்து அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளுகின்றன. வீட்டில் தீட்டு பார்க்கிற கெடுபிடி இல்லை என்றால் வரிசையை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். கையில் தோலுக்கடியில் வைக்கிற குச்சி, காப்பர்-டி போலவே உள்ளே வைக்கிற, ஹார்மோன் உள்ள சாதனம் என்று வேறு சிலவும் இருக்கின்றன. பின்னது தனியாரில் செலவு அதிகம், முன்னது அரசு ஆஸ்பத்திரிகளில் இப்போதுதான் மெல்ல வருகிறது.

ஒருவேளை உத்திரத்தன்று காண்டம் கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் போடுகிற அவசர மாத்திரை இருக்கிறது. பால் கொடுக்கிறவர்களும் போடலாம். நம் பக்கத்து மருந்துக்கடைகளில் கேட்டால் கிடைப்பது கஷ்டம், முகத்தை வேறு பார்ப்பார்கள். அலையாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியிலோ கேளுங்கள். 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டாலும் அந்தத் தடவைக்கும் அது காக்கும்.

பிள்ளைக்கு 105 நாள் ஊசி வருகிறது. அந்தப் புதன்கிழமை டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அத்தையையும் கூட்டிப் போங்கள். ‘பிள்ளையைப் பிடிச்சுக்க ஆள் வேணும் அத்தை’ என்றால் வந்துவிடுவார். நீங்கள் சொன்னால் எதிர்வாதம் மாதிரி இருக்கும், நர்சம்மா சொன்னால் கேட்டுக்கொள்வார். அவர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை, கணவரின் கையெழுத்தும் தேவையில்லை. ஆனாலும் ஒரே அடுப்படியில் இருக்கிறவர்கள், தெரிந்தே நடந்தால் உங்களுக்கும் லேசு. வீட்டுக்காரருக்கு இன்றைக்கே போன் பண்ணி, வரும்போது வெறுங்கையோடு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்ன வாங்கி வரவேண்டும் என்று அவருக்குப் புரியும்.

அப்புறம் அந்தப் புட்டி. நிறுத்துங்கள், ஆனால் கருத்தடைக்காக அல்ல. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப்போன பிறகு அந்தப் பழைய கணக்கைத் திரும்ப நம்ப முடியாது. பால் பத்தவில்லை என்பது பெரும்பாலும் பிள்ளை அழுகிற ராத்திரியில் தோன்றுகிற பயம்தான். சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும், புட்டியைக் கொடுத்த ராத்திரிகளில் மார்புக்கு அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது. பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அழும்போதெல்லாம் கொடுத்தால் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும். பீடி சுற்றுகிற சொளவை நகர்த்திவிட்டு அப்படியே பிள்ளையைத் தூக்காதீர்கள். தூள் பட்ட கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, மேல் துண்டையும் மாற்றிக்கொண்ட பிறகு பால் கொடுங்கள்.